காக்க வேண்டிய புரதமே

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான்; நாம் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. அதில் ஒரு சிறு பகுதி வீரியமான மூலக்கூறுகளாகி நரம்புச் செல்களின் புரதங்களைத் தாக்கும். தாக்குண்ட புரதம் மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்.

இதைத் தடுக்கும் புரதங்களில் ஒன்று எஸ்.ஓ.டி.1. தசைகளை மெல்ல முடக்கும் கொடிய நோயான ஏ.எல்.எஸ். பரம்பரையாக வரும் சில குடும்பங்களில், இந்தப் புரதத்தின் மரபணுவே பழுதாகியிருப்பது 1993இல் தெரிந்தது. பாதுகாப்புக் குறைந்ததால்தான் நோய் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால், அந்தப் புரதமே இல்லாத எலிகளுக்கு ஏ.எல்.எஸ். வரவில்லை! குலைந்த புரதமே நஞ்சாகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கும் டோஃபெர்சென் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி தந்தது. நோயாளிகளில் மிகச் சிலருக்கே அது பொருந்தும். அந்தக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!