முதல் வண்டி காலுக்கு எட்டட்டும்

திண்டுக்கல் திருச்சி ரோட்டில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். பரீட்சை முடிவுகள் வந்து, பிள்ளைகள் வேலைக்கும் கல்லூரிக்கும் கிளம்புகிற மாதங்களில் பட்டறைக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். வண்டியே இல்லாமல் வரும் கூட்டம். "அண்ணே, பையனுக்கு வேடசந்தூர் மில்லுல வேலை கிடைச்சிருக்கு. என்ன வண்டி எடுக்கலாம்?" என்று அப்பா கேட்பார். பையன் செல்போனில் ஒரு படத்தைத் தயாராகத் திறந்து வைத்திருப்பான். நான் படத்தைப் பார்ப்பதற்கு முன் அவன் காலைப் பார்ப்பேன்.

காரணம் சொல்கிறேன். புதிதாக ஓட்டுகிறவர்கள் என்னிடம் கொண்டு வரும் வண்டிகளில் எது உடைந்திருக்கும் தெரியுமா? கிளட்ச் லீவர் நுனி, இண்டிகேட்டர், வளைந்த பிரேக் பெடல். வேகமாகப் போய் விழுந்தால் அடி வேறு மாதிரி இருக்கும். இதெல்லாம் நின்ற இடத்தில் வண்டி சாய்ந்த அடி. மணிக்கூண்டுப் பக்கம் பஸ் குறுக்கே வந்து நிற்கும். இவர் பிரேக் பிடிப்பார். காலை ஊன்றப் பார்ப்பார். அந்த இடத்தில் தரை அரைச்சாண் பள்ளமாக இருக்கும். அவ்வளவுதான், வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

ஆகவே முதலில் இரண்டு எண்களைக் கேளுங்கள்: சீட் உயரம், எடை. ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சிசி வண்டியின் சீட் ஏறக்குறைய 785 மில்லிமீட்டர், அதாவது 31 அங்குலம். எடை சுமார் 112 கிலோ. ஷைன் 100 அதைவிடக் கொஞ்சம் லேசு. எக்ஸ்எல் 100 தொண்ணூறு கிலோவுக்குள் அடங்கிவிடும். பல்சர் 150 என்றால் 150 கிலோவை நெருங்கும். கிளாசிக் 350 புல்லட் 195 கிலோ. புல்லட்டை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் ஆசை உண்டு. ஆனால் சாய ஆரம்பித்த புல்லட்டைப் பிடித்து நிறுத்துவது பழகிய ஆளுக்கே பாடு.

ஷோரூமில் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் அழகு பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இறங்கி நின்று வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். வாசல் சரிவில் ஏற்றிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டைத் தனியாகப் போடுங்கள். சேல்ஸ்மேன் தம்பி ஓடி வந்து பிடிப்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். சின்னாளபட்டியிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார்கள், பைக்தான் வேண்டும் என்று. நான் சொன்னபடி இத்தனையும் செய்து பார்த்துவிட்டு, அவருடைய கணவருக்குப் பிடித்த வண்டியைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்த குட்டை வண்டியை எடுத்தார்கள். அன்றைக்கு வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ!

சரி, கால் எட்டுகிறது. அடுத்தது கிளட்ச். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவது எனக்குத் தெரியாது, வானொலி நிலையத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் கம்யூட்டர் பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே கிடக்கிறது. உராயும் தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருப்பார்கள். லீவரைப் பிடித்தால் அந்த அழுத்தம் விலகும், எஞ்சின் சுற்றும், சக்கரம் சுற்றாது. லீவரை விட்டால் தட்டுகள் கவ்வும். முழுக்கக் கவ்வுவதற்கு முன்னால் ஒரு இடம் இருக்கிறது, வழுக்கியும் வழுக்காமலும். ஹாஃப் கிளட்ச் என்போம். வண்டி ஓட்டத் தெரியும் என்று ஒருவர் சொன்னால், அந்த இடம் அவருடைய விரலுக்குத் தெரியும் என்று அர்த்தம். அதைப் பழக ஒரு வழி சொல்கிறேன். சமதரையில் முதல் கியர் போடுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடவே தொடாதீர்கள். கிளட்சை மட்டும், கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி நிதானமாக விடுங்கள். ட்யூனிங் சரியாக உள்ள வண்டி தானாக நகரும். அந்த நகர்வு கைக்குப் பிடிபடுகிற வரை ரோட்டுக்கு வராதீர்கள்.

பழகாதவர்கள் என்ன செய்வார்கள்? நாகல்நகர் மேம்பாலத்தில் வண்டிகள் தேங்கி நிற்கும்போது, பின்னால் உருளாமல் இருக்க ஹாஃப் கிளட்சிலேயே முறுக்கிக்கொண்டு நிற்பார்கள். தட்டு தேயும், தீய்ந்த வாசனை வரும். பின் பிரேக்கை மிதித்து நிற்கலாமே! வண்டி கிளம்பும்போது பிரேக்கை விட்டால் போதும்.

இன்னொரு கதை. வடமதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர், வண்டி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, "அண்ணே, எஞ்சின் கத்துது, வண்டி போக மாட்டேங்குது" என்று வந்தார். கிளட்ச் வழுக்கல். தட்டைக் கழற்றினால் தேய்மானமே இல்லை. விசாரித்தால், வீட்டு லோடு வண்டிக்கு வாங்கிய ஆயிலில் மிச்சம் இருந்ததாம், அதை ஊற்றியிருக்கிறார். கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். நம் கிளட்சுக்கோ உராய்வுதான் சோறு. பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கியர் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ப்ளெண்டரில் நான்கு கியரும் முன்னால் மிதிப்பது. பல்சர் 150-ல் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. அண்ணன் வண்டியில் பழகிவிட்டு உங்கள் வண்டியில் வேறு முறை இருந்தால், அவசரத்தில் கால் பழைய புத்தியைக் காட்டும்.

மைலேஜ், விலை பற்றி ஷோரூமிலேயே நிறையச் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். உதிரி பாகம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, 1994-ல் ஸ்ப்ளெண்டர். அந்த 97.2 சிசி எஞ்சினின் வம்சம் இன்றும் ஓடுகிறது. அய்யலூரில் நின்றுவிட்டாலும் அங்கேயே ஒரு மெக்கானிக்கின் கை அதற்குப் பழகியிருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. புகை குறைவு, நல்லதுதான். கோளாறு வந்தால் கண்டுபிடிக்கக் கருவி வேண்டும்.

பழைய வண்டி எடுப்பவர்களுக்கு: ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2018 செப்டம்பருக்குப் பின் வந்த புது வண்டிகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே போட்டிருப்பார்கள். அந்த ஐந்து வருடம் முடிந்துவிட்டதை விற்பவரே மறந்திருப்பார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டி என்றால் 125 சிசி வரை இரண்டு சக்கர பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு உண்டு. புது ஓட்டிக்கு அது பெரிய துணை, அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

லைசென்ஸ்: கியர் வண்டிக்குப் பதினெட்டு வயது. எல்எல்ஆர் போட்டு 30 நாள் கழித்துத்தான் எட்டுப் போட முடியும். பதினாறு வயதில் கிடைக்கும் லைசென்ஸ் கியர் இல்லாத 50 சிசி வரைக்கும்தான். எக்ஸ்எல் 100 அதில் வராது, பெற்றோர்களே. பிள்ளை மாட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். பழனி ரோட்டில் ஒட்டன்சத்திரம் போகிறவர்களுக்கு ஒன்று: ஆனி, ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளும். லேசான வண்டி என்றால் வேகத்தைக் குறையுங்கள், லாரியை ஒட்டிப் போகாதீர்கள். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும், வார் மாட்டியிருக்கட்டும். உயரம், எடை, கிளட்ச், பேப்பர் என்று நான் சொன்ன வரிசையிலேயே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் போகிறவர்கள், வேலைக்குப் போட்டுப் போகும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். புது ஷூ ஓர் அங்குலம் கூட்டிக் காட்டும். நல்ல வண்டியாக அமையட்டும்.