பரிசுக்கு முன்பணமா?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

சற்று முன் பிள்ளைகள் மேடையேறிப் பரிசு வாங்கினார்கள். யாரிடமாவது, "முதலில் ஐம்பது வெள்ளி கட்டு, பிறகுதான் கோப்பை" என்று கேட்டோமா? இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. குலுக்கலில் பத்து லட்சம் டாலர் விழுந்திருக்கிறது என்கிறது. அல்லது, வாரிசில்லாமல் இறந்த பணக்காரரின் சொத்தில் உங்களுக்குப் பங்கு என்கிறது. அனுப்பிவைக்கச் சிறு கட்டணம், முந்நூறு வெள்ளிதான். கட்டினால், அடுத்து வரி; அப்புறம் வக்கீல் கூலி; அப்புறம் சுங்கம். கேட்பது நிற்காது, வரவேண்டிய பணமும் வராது. "இவ்வளவு போட்டாச்சு, இப்ப விட்டா எல்லாம் போச்சே" என்று நம் மனசு அடித்துக்கொள்ளும். அதை நம்பித்தான் அவன் தொழில் நடக்கிறது.

இது புதுத் தந்திரம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, ஸ்பெயின் நாட்டுச் சிறையில் செல்வந்தர் ஒருவர் வாடுகிறார், மீட்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு என்று தபாலில் கடிதம் வந்தது. இன்று இதற்கு '419' என்று ஒரு பெயர். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் மோசடிக்குரிய பிரிவு அது. நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 420. எண்தான் வேறு, ஏமாற்று ஒன்றே.

மாணவச் செல்வங்களே, ஆங்கிலத்தில் எது வந்தாலும் அப்பா உங்களிடம்தான், "என்னய்யா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று நீட்டுகிறார். படித்துச் சொல்வதோடு நிற்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். சீட்டே வாங்காத நமக்குக் குலுக்கல் எப்படி விழும்? கட்டணத்தை அந்தப் பெரிய தொகையிலேயே கழித்துக்கொள்ளலாமே, ஏன் கழிக்கவில்லை? "யாரிடமும் சொல்லாதே" என்று ஏன் சொல்கிறான்?

பெற்றோர்களே, ஒருவேளை ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். விடியுமுன் எழுந்து பால் வெட்டிச் சேர்த்த காசு அது. உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், 997க்குக் கூப்பிடுங்கள். தேசிய மோசடி நடவடிக்கை மையம் 2022இல் தொடங்கிய எண் அது. போலீசிலும் புகார் கொடுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடிவிடும். "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கட்டு" என்று பிறகு இன்னொருவன் வருவான். அவனையும் நம்பாதீர்கள்.

பிள்ளைகள் இன்று வாங்கியது உழைப்புக்குக் கிடைத்த பரிசு. முன்பணம் கேட்பது பரிசே அல்ல.