காதும் கண்ணும் வாயும்

'எனக்குக் கண்ணால் பார்த்தால்தான் ஏறும்', 'கேட்டாலே போதும்' என்று மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே முத்திரை குத்திக்கொள்கிறார்கள். 2008இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட 4 உளவியலாளர்கள் இதுபற்றிய ஆய்வுகளை அலசினார்கள். அவரவர் கற்கும் பாணிக்கேற்ப நடத்தினால் பாடம் கூடுதலாக ஏறும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள்.

ஒரே வழி போதாது என்பது அயல்மொழி பேசப் பழகும்போது பளிச்சென்று தெரியும். பிரெஞ்சில் ஓர் உயிரொலி உண்டு. நாக்கு 'ஈ' சொல்லும் இடத்தில் நிற்க, உதடு 'ஊ' என்று குவிய வேண்டும். சொல்லித்தான் பாருங்களேன்! காது ஒலியைப் பிடிக்க வேண்டும், கண் ஆசிரியரின் உதட்டைக் கவனிக்க வேண்டும், வாய் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். இதில் எதை விடுவது?

ஆகவே ஆசிரியர்களே, வாய்விட்டுப் பேசக் கூச்சப்படும் பிள்ளையை முதலில் தனியாக, பிறகு பக்கத்துத் தோழியோடு பேசவிடுங்கள். 'இவள் எழுதத்தான் லாயக்கு' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.