வெண்காரமும் குழந்தை விளையாட்டும்



பிள்ளைகளின் கைகளில் புதியதொரு விளையாட்டுப் பொருள் புழங்குகின்றது. இழுத்தால் நீள்கின்றது, விட்டால் வழிகின்றது, உருட்டினால் உருண்டையாகின்றது, சற்று நேரம் மேசைமேல் வைத்தாலோ, தானே பரந்து தட்டையாகி விடுகின்றது. நீரென்றும் சொல்ல இயலாத, கட்டியென்றும் சொல்ல இயலாத இவ்வழுவழுத்த பொருளைப் பிள்ளைகள் 'ஸ்லைம்' என்று அழைக்கின்றனர். கொழும்புக்கு மட்டும் உரிய விளையாட்டன்று இது. எங்கள் அப்புத்தளைக் கடைகளிலும் சிறு கிண்ணங்களில் பல நிறங்களில் வைத்து விற்கின்றனர். வாங்கப் பணமில்லாத பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே செய்முறையைப் பார்த்துத் தாமே செய்து கொள்ளுகின்றனர். இதனைப் பற்றிப் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைக் கூறவே இன்று உங்கள்முன் வந்துள்ளேன்.

இப்பொருள் நேற்றுத் தோன்றியதன்று. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் இதனைப் பச்சை நிறத்தில், குப்பைத் தொட்டி வடிவமான சிறு டப்பாவில் அடைத்து விற்றது. கொத்தவரை இனத்தைச் சேர்ந்த விதையின் பிசினும் போராக்ஸ் என்னும் உப்பும் அதிற் சேர்ந்திருந்தன. இன்று வீடுகளில் செய்வோர் கொத்தவரைப் பிசினுக்குப் பதிலாகக் கடதாசி ஒட்டும் வெண்ணிறக் கம்மைப் பயன்படுத்துகின்றனர்.

கம் ஏன் இவ்வாறு மாறுகின்றது? அதனுள்ளே கண்ணுக்குப் புலப்படாத நீண்ட இழைகள், இடியப்ப இழைகளைப் போல, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கொண்டு கிடக்கின்றன. போராக்ஸ் கரைத்த நீரை ஊற்றியதும் அவ்விழைகளுக்கிடையே முடிச்சுகள் விழுகின்றன. அவை இறுகிய முடிச்சுகள் அல்ல. அவிழ்ந்து மீண்டும் விழுபவை. ஆதலினாற்றான் அப்பொருள் கட்டியாகவும் நில்லாமல், நீராகவும் ஓடாமல் இடைப்பட்டு நிற்கின்றது. இதனை ஓர் ஆசிரியர் முன்னின்று செய்து காட்டுவாராயின் அது நல்லதொரு விஞ்ஞான பாடமே என்பதில் ஐயமில்லை.

ஆனால், அந்தப் போராக்ஸ் யாது? நம் முன்னோர் 'வெண்காரம்' என்று வழங்கிய பொருளே அது. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது. பொற்கொல்லர் பொன்னைப் பற்றவைக்கப் பயன்படுத்துவது. தேனிற் குழைத்துக் குழந்தையின் வாய்ப்புண்ணுக்குத் தடவும் வழக்கமும் சில குடும்பங்களில் இருந்தது. எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தியின் விரல் நுனிகள் சிவந்து தோலுரிந்திருந்தன. விசாரித்த பொழுது, வீட்டில் பல நாட்களாக இந்த விளையாட்டில் ஈடுபட்டிருந்தாள் எனத் தெரிந்தது. அவளுடைய அம்மாயியை அழைத்துக் கேட்டேன். "என்னமோ இங்கிலீசுப் பேர் சொல்லுச்சு, ஐயா. நான் என்னத்தைக் கண்டேன்? பார்த்தால் நம்ம வெண்காரம் மாதிரிதான் இருந்திச்சு. அது மருந்துதானே?" என்றார் அந்த மூதாட்டி.

நேயர்களே, ஆபத்து நுழையும் வாயில் இதுவே. பேத்திக்குத் தெரிந்த பெயர் போராக்ஸ். அவளுக்கு அது விளையாட்டுச் சாமான். அம்மாயிக்குத் தெரிந்த பெயர் வெண்காரம். அவருக்கு அது மருந்து. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் இருக்க, அது அளவு மீறினால் நஞ்சு என்பதை இருவரில் ஒருவரும் அறிந்திலர்.

மருந்தென்று கருதிய காலத்திலும் இது தீங்கு செய்திருக்கின்றது. தேனும் வெண்காரமும் கலந்த கலவையைச் சூப்பியிலே தடவிக் கொடுத்ததனால் ஏழு கைக்குழந்தைகளுக்கு வலிப்பு உண்டான செய்தியை, 1983ஆம் ஆண்டில் பிரித்தானியக் குழந்தை மருத்துவ ஏடு ஒன்று வெளியிட்டது. கலவையை நிறுத்திய பின்னர் வலிப்பும் நின்றது. ஆகவே, குழந்தையின் வாய்ப்புண்ணுக்கு வெண்காரம் தடவும் வழக்கம் எவ்வீட்டிலேனும் எஞ்சியிருக்குமாயின், அதனை இன்றே கைவிடுதல் நன்று.

இது வயிற்றினுட் சென்றால் வாந்தியும் வயிற்றுப் போக்கும் உண்டாகலாம். அளவு மிகுந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படும். முழுமையான தோலின் வழியே உடலிற் சேர்வது மிகச் சிறிதே. வெட்டுக்காயமோ சிரங்கோ உள்ள தோலின் வழியே அதிகம் சேரும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், இத்தகைய ஒட்டும் விளையாட்டுப் பொருளின் ஒரு கிலோகிராமிலிருந்து வெளிப்படக்கூடிய போரன் 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று விதித்துள்ளனர். அங்ஙனம் விதித்தும், 2018ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் 'விச்' என்னும் பாவனையாளர் அமைப்பு 11 வகைகளைச் சோதித்த பொழுது, 8 வகைகள் அவ்வெல்லையைக் கடந்திருந்தன.

இதனைக் கேட்டு அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. வளர்ந்த பிள்ளையொன்று, முறையாகச் செய்த பொருளைச் சிறிது நேரம் கையில் வைத்து விளையாடிவிட்டுச் சவர்க்காரமிட்டுக் கழுவினால் பெருங்கேடு எதுவும் நேராது. கேடெல்லாம் தூளில் இருக்கின்றது. அதனைக் கரைக்கும் வேளையில் இருக்கின்றது. தங்கையின் வாயில் இருக்கின்றது.

தோட்டத்து வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாய் காலையிலே கொழுந்து பறிக்க மலைக்குப் போகின்றாள். தந்தையும் வேலைக்குப் போய்விடுகின்றார். கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில் இருக்கும். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள், தாய் திரும்பும் வரையில் லயத்திலே முதியோரின் பார்வையில் இருப்பர். செய்முறை கைத்தொலைபேசியில் இருக்கின்றது; தூள் ஆங்கிலத்தில் எழுதிய பொட்டலத்தில் இருக்கின்றது. முதியவர் இரண்டையும் படிக்க இயலாதவர். அவரைக் குறை கூறுதல் தகாது. அவருக்கு எடுத்துச் சொல்லுதல் நம் கடமையாகும்.

ஆகவே, சில விதிகளை மனத்திற் கொள்ளுங்கள்.

முதலாவது, வெண்காரத் தூளைப் பிள்ளைகள் கையாளலாகாது. தூளைக் கரைப்பது பெரியவர் வேலை. சலவைத் தூளும் சலவைத் திரவமும் இதற்கு மாற்று எனக் கூறும் செய்முறைகளும் உள. அவையும் தோலையும் கண்ணையும் வருத்துவன.

இரண்டாவது, கையிலே காயமுள்ள பிள்ளையும், எதையும் வாயிலிடும் பருவத்துக் குழந்தையும் இதனைத் தொடலாகாது. பழ வாசனையூட்டிய பொருளைக் குழந்தை பழமென்றே எண்ணும்.

மூன்றாவது, உண்ணும் கோப்பையிற் கலக்க வேண்டா. சோடாப் போத்தலிற் சேமிக்க வேண்டா. களைகொல்லி இருந்த வெற்றுப் போத்தலை எத்தனை முறை கழுவினாலும் விளையாட்டுக்குக் கொடுத்தல் கூடாது.

நான்காவது, உற்பத்தியாளர் பெயரும் சேர்மானங்களும் இல்லாத கிண்ணத்தை வாங்காதீர்கள். முறைப்பாடு இருப்பின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம்.

இத்தனை கவனத்தையும் மீறி ஒரு பிள்ளை விழுங்கிவிட்டால் என் செய்வது? புளிக்கரைசலோ உப்புநீரோ கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வாயைத் துடைத்துக் கொப்பளிக்கச் செய்யுங்கள். பொட்டலத்தையும் கையிலெடுத்துக் கொண்டு அருகிலுள்ள வைத்தியசாலைக்கு விரைந்து செல்லுங்கள். 1990ஐ அழைத்தால் கட்டணமில்லாத அம்புலன்ஸ் வண்டி வரும். கண்ணிற் பட்டால், பீலியிலோ குழாயிலோ ஓடும் நல்ல நீரால் பதினைந்து நிமிடங்கள் மெதுவாகக் கழுவிய பின்னர் வைத்தியரிடம் காட்டுங்கள். பொட்டலத்திலுள்ள பெயர் வைத்தியருக்குப் பேருதவியாகும்.

"அப்படியாயின் பிள்ளைகள் எதைக் கொண்டு விளையாடுவது?" என்று நீங்கள் கேட்கலாம். பிசைவதும் இழுப்பதும் உருட்டுவதும் குழந்தையின் இயல்பு. விரல்கள் உறுதிபெற்று எழுதுகோல் பிடிக்கப் பழகுவதற்கும் அவை துணை செய்வன. அவ்வியல்பைத் தடுத்தல் அறிவுடைமையாகாது. காலையில் ரொட்டிக்கு மா பிசைகின்றீர்களே, அதிலே ஓர் உருண்டையைக் கிள்ளிக் கொடுங்கள். சோளமாவில் அளவாக நீர் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். அடித்தால் கட்டியாகவும், விட்டால் நீராகவும் அது விந்தை காட்டும். செவ்வரத்தை இலையை நீரிற் கசக்கினால் வழுவழுப்பான கூழ் வரும். தலைக்குத் தேய்க்க அம்மாயி அறிந்த முறைதான் அது. அந்த விளையாட்டிலே பேத்திக்கு அம்மாயியே ஆசிரியையாவார்.

இன்று மாலை வீடு திரும்பியதும், பிள்ளையின் புத்தகப் பையையும் விளையாட்டுப் பெட்டியையும் அன்போடு திறந்து பாருங்கள். வெண்ணிறத் தூள் இருப்பின், பிள்ளையை வையாதீர்கள். இரண்டு பெயர்களையும் ஒருங்கே சொல்லிக் கொடுங்கள்: போராக்ஸ் என்பதும் வெண்காரம் என்பதும் ஒன்றே. அதனைப் பிள்ளைக்குச் சொல்லும் பொழுது, அடுப்படியில் இருக்கும் முதியவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.