விழுந்தவர் அருகே மண்டியிட்டவர்



கொரிந்து நகர மக்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் தூய பவுல் தம்மைக் குத்துச்சண்டை வீரர் ஒருவருக்கு ஒப்பிட்டுப் பேசுகிறார். அந்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் நாம் வெற்றி வாகையைத்தான் நினைக்கிறோம். விழுந்து கிடப்பவரை நினைப்பதில்லை. இன்று அவரை நினைப்போம். அமெரிக்க ஹெவிவெயிட் சாம்பியன் ஃபிளாய்ட் பாட்டர்சனின் வாழ்க்கை நமக்கு அதில் உதவும்.

அவர் 1935-ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில், பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். பள்ளிக்குப் போகக் கூச்சப்பட்டு, சுரங்க ரயில் பாதையில் இருந்த ஒரு சிறு பொந்தில் பகலெல்லாம் ஒளிந்திருப்பார். வீட்டுச் சுவரில் அவருடைய குழந்தைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. இந்தப் பையனை எனக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்வாராம். ஒருநாள் அம்மா பார்த்தபோது, அந்தப் படத்தின் மேல் பெருக்கல் குறிகள் கீறப்பட்டிருந்தன. தன் முகத்தையே அடித்துவிட்ட பிள்ளை அவர்.

பத்து வயதில் அவரை வில்ட்விக் என்ற சிறுவர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆசிரியை ஒருவர் பொறுமையோடு அவரைப் பேச வைத்தார், படிக்க வைத்தார். குத்துச்சண்டைக் கையுறையையும் அங்கேதான் அணிந்தார். 1952-இல், 17 வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1956 நவம்பர் 30 அன்று ஆர்ச்சி மூரை வீழ்த்தி, 21 வயதில் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அதுவரை அவ்வளவு இளம் வயதில் அந்தப் பட்டத்தை எவரும் வென்றதில்லை. இளமையிலேயே கத்தோலிக்கத் திருஅவையிலும் இணைந்தார்.

1959 ஜூன் 26 அன்று சுவீடன் வீரர் இங்மார் யோஹான்சன் மூன்றாம் சுற்றில் அவரை ஏழு முறை தரையில் வீழ்த்தினார். ஏழு முறையும் பாட்டர்சன் எழுந்தார். கடைசியில் நடுவர்தான் சண்டையை நிறுத்தினார். நேர்மையாளர் ஏழு முறை விழுந்தாலும் எழுவதைப் பற்றி நீதிமொழிகள் நூல் பேசுவது நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் மேடையில் எழுந்தவரால் வீட்டில் எழ முடியவில்லை. வெட்கத்தால் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்.

அடுத்த ஆண்டு ஜூன் 20 அன்று இருவரும் மீண்டும் மோதினார்கள். ஐந்தாம் சுற்றில் பாட்டர்சனின் இடக்கைக் குத்தில் யோஹான்சன் மல்லாந்து விழுந்தார். அவருடைய கால் துடித்துக்கொண்டிருந்தது, நினைவு திரும்பவில்லை. இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீண்டும் வென்ற முதல் வீரர் என்ற பெருமை பாட்டர்சனுக்குக் கிடைத்த நேரம் அது. அரங்கமே ஆரவாரம் செய்தது. அவரோ கீழே கிடந்தவர் அருகே சென்று மண்டியிட்டு, அவரைத் தாங்கிக்கொண்டார்.

இங்கே சற்று நிற்போம். அந்தத் தரை எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஓராண்டுக்கு முன் அங்கே கிடந்தவர் அவர். அதனால்தான் விழுந்தவரிடத்தில் எதிரியைக் காணாமல் தன்னையே கண்டார். பின்னாளில் இருவரும் உற்ற நண்பர்களானார்கள். ஸ்டாக்ஹோம் மாரத்தான் ஓட்டத்தில் சேர்ந்தே ஓடினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வெட்கம் அவரை விடவில்லை. 1962-இல் சோனி லிஸ்டன் அவரை முதல் சுற்றிலேயே, 2 நிமிடம் 6 வினாடியில் வீழ்த்தினார். பாட்டர்சன் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு அரங்கத்தை விட்டு வெளியேறினார். அதே வேடத்தில் மாட்ரிட் நகருக்கும் போய், யாரும் அடையாளம் காணக்கூடாதென்று நொண்டி நொண்டி நடந்தார். சுரங்கத்தில் ஒளிந்த சிறுவன் இப்போது தாடிக்குள் ஒளிந்தான். ஏதேன் தோட்டத்து மரங்களுக்கிடையே ஒளிந்த ஆதாமும் இப்படித்தான். ஒளிந்தவனைத் தேடி வந்தவர் கடவுள்.

அன்புக்குரியவர்களே, நம் பங்கிலும் ஒட்டுத்தாடிகள் உண்டு. தேர்வில் தவறிய பிள்ளை உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு வர மறுக்கிறது. வேலை போனவர் காலையில் வழக்கம்போல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். மகளின் மணவாழ்வு முறிந்த தாய், ஆலய வாசலில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஞாயிறு திருப்பலிக்கே வருவதில்லை. அவர்களை வீட்டுக்குள் அடைத்தது தோல்வி மட்டும்தானா? நம் கேள்விகளும் பார்வைகளும் அல்லவா?

பாட்டர்சன் தாடியைக் கழற்றிவிட்டு மக்கள் முன் திரும்பி வந்தார். 1972 வரை மேடை ஏறினார். தம் பயிற்சிக் கூடத்துக்கு வந்த டிரேசி என்ற சிறுவனைத் தத்தெடுத்து மகனாக்கினார். அந்த மகனும் உலகச் சாம்பியன் ஆனார்.

இந்த விளையாட்டைப் புகழ்வது நம் நோக்கமன்று. தலையில் வாங்கும் அடிகள் மூளையைப் பழுதாக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. 1998-இல், நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராக இருந்த பாட்டர்சனிடம், யாரை வென்று சாம்பியன் ஆனீர்கள் என்று கேட்டபோது அவருக்கு நினைவு வரவில்லை. பதவி விலகினார். 2006 மே 11 அன்று, 71 வயதில் இறந்தார்.

வாழ்நாளெல்லாம் எந்த வெற்றிக்காக உழைத்தாரோ, அதுவே அவர் நினைவிலிருந்து அழிந்தது. ஆனால் நம் பெயரைத் தம் உள்ளங்கையில் பொறித்துவைத்திருப்பவர் எதையும் மறப்பதில்லை. அவர் முன் நம் மதிப்பு பட்டத்தால் வருவதன்று, தோல்வியால் குறைவதுமன்று.

இந்த வாரம் நமக்குத் தெரிந்த ஒருவர் எங்காவது ஒளிந்திருப்பார். அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். ஒரு காப்பி குடிக்கும் நேரம் அருகே உட்கார்ந்திருந்தால் போதும்.

விழுந்தோரைத் தாங்கும் இறைவா, எங்கள் வீழ்ச்சிகளை வெட்கமாக அல்ல, பரிவாக மாற்றியருளும். ஆமென்.