அசதிக்கு மருந்து எது?



எந்நேரமும் அசதியாயிருக்கிறதென்றால், முன்பு திருஷ்டி என்று சொல்லித் தாயத்துக் கட்டினார்கள். இப்பொழுது வைட்டமின் குறைவு என்று தாங்களே முடிவுகட்டி டானிக் சீசா வாங்குகிறார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பாராமல் கட்டுகிற தாயத்துக்கும், சோதித்துப் பாராமல் குடிக்கிற டானிக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறேன்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உண்டாவதற்கு இரும்புச்சத்து வேண்டும். மாதந்தோறும் ரத்தம் இழப்பவளும், பிள்ளை பெறுபவளும் பெண். வீட்டில் கடைசியாக உட்கார்ந்து மிச்சத்தைத் தின்பவளும் அவளே. இது தலைவிதியா, சோற்றுப் பங்கீட்டிலுள்ள அநியாயமா? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. இரும்பு மாத்திரையைத் தேயிலைத் தண்ணீரோடு விழுங்கினால் சத்து நன்றாய்ச் சேராது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துண்டால் நன்றாய்ச் சேரும். பி12 என்னும் ஜீவசத்து காய்கறியில் கிடையாது; பால், முட்டை, மீன், மாமிசத்தில்தான் உண்டு.

கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக நுழைந்து குடலில் ரத்தம் குடிக்கும். அப்புழுவைக் கொல்லாமல் டானிக் குடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதேயாகும். தைராய்டுக் கோளாறாலோ நீரிழிவாலோ வந்த அசதிக்கு வைட்டமின் மாத்திரை மருந்தாகாது. மேலும் இரும்பும், ஏ, டி வைட்டமின்களும் அளவு மீறினால் விஷமே.

யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அப்படியே நம்பிவிடாதீர்கள். வைத்தியரிடம் காரணத்தைக் கேளுங்கள். காரணம் தெரிந்த பிறகு காசைச் செலவழியுங்கள்.