விலைக்கு வாங்காத நோம்பி

(தைத்திங்களில் கோவையில் கூடிய தமிழன்பர் அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கொங்குநாட்டார் நாவில் இன்றும் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து இவ்வுரை தொடங்குகின்றது. அச்சொல் ‘நோம்பி’. பிற பகுதியினர் பண்டிகை என்றும் உற்சவம் என்றும் குறிப்பதைக் கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் வட்டாரத்து உழவர் நோம்பி என்பர். நோன்பு என்னும் பழந்தமிழ்ச் சொல்லே மக்கள் வழக்கில் நோம்பி ஆயிற்று. பொங்கல் நோம்பி, ஆடி நோம்பி, பூப்பறிக்கும் நோம்பி என அதன் கிளைகள் பல.

நோன்பைக் கூலிக்கு ஆள் வைத்து நோற்பார் எவரும் இலர். அவரவரே நோற்றல் வேண்டும். நோம்பியும் அத்தகையதே. வீட்டார் ஒன்றுகூடித் தம் கையால் செய்துகொள்வது அது. அவ்வாறு கைகூடிச் செய்யும்போதே தமிழ்ச்சொல் பிள்ளையின் நாவில் ஏறுகின்றது. செய்கை நின்றால் சொல்லும் நின்றுபோகும். இவ்வுரை வலியுறுத்த வருவது இதுவே.

மார்கழித் திங்களின் கடைநாளில் காப்புக் கட்டுவதைக் காண்க. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை ஆகியவற்றை ஒரு கற்றையாக்கி, வீட்டு முகப்பிலும் கட்டுத்தரையிலும் கிணற்றடியிலும் விளைநிலத்திலும் செருகுவர். பூளையும் ஆவாரையும் எவரும் நட்டு நீரூற்றி வளர்ப்பன அல்ல. வேலியோரத்தும் தரிசிலும் தாமே முளைப்பன. ஆயினும் எத்துணைப் பழமை உடையன! கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் ஆவிரையும் உண்டு, பூளையும் உண்டு. வேம்போ பாண்டியர் குடிப்பூ. புலவர் ஏட்டில் வைத்த பூவை, ஏடு படியாத அப்புச்சி தம் பேரன் கையைப் பற்றிக்கொண்டு பறிக்கச் செல்கின்றார். ‘இது பூளை, இது தும்பை, இது ஆவாரை’ என்று அவ்வழியிலேயே பெயர்கள் கைமாறுகின்றன. அதற்குப் பள்ளியும் வேண்டியதில்லை, பாடநூலும் வேண்டியதில்லை.

இன்று அக்கற்றை கோவைப் பூச்சந்தையில் விலைக்கு வருகின்றது. வாங்கிக் கட்டினும் காப்பு காப்பே. அதில் குற்றம் காண்பார் இல்லை. ஆயினும் விலை கொடுத்தவன் பூவைப் பெறுகின்றான், பெயரைப் பெறுவதில்லை. பிள்ளை ‘இது என்ன?’ என்று வினவினால், விற்றவளைத்தான் தேடிச் செல்ல வேண்டும்!

அடுத்தது பட்டிப் பொங்கல். பிறர் மாட்டுப் பொங்கல் என்பதற்குக் கொங்குநாட்டார் இட்ட பெயர் இது. மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவி வண்ணம் தீட்டுவர். கட்டுத்தரையில் சாணத்தாலும் மண்ணாலும் சிறு கரை எழுப்பி, ‘தெப்பக்குளம்’ ஒன்று அமைத்து நீர் நிரப்பிப் பூ மிதக்க விடுவர். அக்குளத்திற்குக் கரை கட்டும் வேலை பெரும்பாலும் சிறுவர்க்கே உரியது. பொங்கலிட்ட பின்னர், மாட்டையோ கன்றையோ அக்குளத்தைத் தாண்டச் செய்வர். தட்டுகளைத் தட்டி ஒலியெழுப்பி, பட்டி பெருகுமாறு வாழ்த்திச் சுற்றி வருவர். கன்று குளத்தைத் தாண்டாமல் கரையை மிதித்து உடைத்துவிடும்போது எழும் சிரிப்பே அந்நாளின் பெரிய மகிழ்ச்சி. காங்கேயம் காளைகளால் உழுத நாட்டிற்கு இதனினும் பொருத்தமான விழா வேறு எது?

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பட்டியை நாள்தோறும் கூட்டிப் பெருக்கியவனும், மாடு மேய்த்தவனும், ஏர் பிடித்தவனும் பட்டிப் பொங்கலன்று எங்கு நின்றான்? பல ஊர்களில் தொலைவில் நின்று, தனியே தன் பங்கைப் பெற்றுச் சென்றான். மாட்டைத் தொட்ட கை, மாட்டிற்குப் படைத்த சோற்றை உடனமர்ந்து உண்ண விடப்படவில்லை. பழமை என்பதற்காக இந்தக் கேட்டையும் சேர்த்துப் போற்றுவோர் தமிழைப் போற்றுவோர் ஆகார். குலவேலியை உடைத்து ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நாளிலேயே பட்டிப் பொங்கல் தமிழர் பொங்கல் ஆகும். நோம்பியை மீட்போர் அதன் மாசையும் நீக்கியே மீட்டல் வேண்டும்.

பொங்கலைத் தொடர்ந்து வருவது பூப்பறிக்கும் நோம்பி. பெண்களும் சிறுமியரும் முறுக்கும் கச்சாயமும் கரும்பும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கும் குன்றடிக்கும் சென்று, ஆவாரம்பூப் பறித்து, வட்டமாய் நின்று கும்மியடித்து மீள்வர். ஆண்டு முழுதும் அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு வெட்டவெளி உரிமையாகிய நாள் அது.

தையை விட்டு ஆடிக்கு வருக. ஆடி முதல் நாளன்று, சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் தேங்காய் சுடுவர். தேங்காயின் நாரை முற்றும் நீக்கி, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவர். ஒரு கண்ணைத் துளைத்து நீரைச் சிறிது வெளியேற்றி, உள்ளே அரிசி அல்லது அவல், பாசிப்பருப்பு, எள், வெல்லம் ஆகியவற்றை இடுவர். பின்னர்ச் சீவிய அழிஞ்சில் குச்சியைத் துளையில் இறுகச் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய தீயில் வாட்டுவர். உள்ளிருக்கும் நீரை அரிசியும் பருப்பும் உண்டு வெந்து, ஓடு கருகி வெடிக்கும் பதமே உரிய பதம். அப்பதத்தை எந்த நூலும் கற்பிப்பதில்லை. அருகில் நிற்கும் அப்பாருவின் கண்தான் கற்பிக்கும். பாரதப் போரோடு இந்நாளை இணைத்துக் கூறும் கதையும் உண்டு. அக்கதை இல்லாவிடினும் தேங்காய் வேகும், பிள்ளைகள் மகிழ்வர்! ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் உழவர் வாய்மொழி ஒன்றே அந்நாளின் சிறப்பை விளக்கப் போதுமானது.

அதே ஆடி முதல் நாளில் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தார் ஆடிக்கூழ் காய்ச்சுவர்; கொழுக்கட்டை அவிப்பர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அவ்வாடிப்பிறப்பைச் சிறுவர்க்குரிய பாட்டாக்கினார். ஈழத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் பாடி வந்தனர். இக்கரையில் தேங்காய், அக்கரையில் கூழ். நாள் ஒன்றே, மொழி ஒன்றே. இரு கரையாரையும் ஓரினம் என்று காட்ட அடுப்படியினும் வலிய சான்று வேண்டுமா?

ஆடியில் பாலைக்காட்டுக் கணவாய் வழியே காற்று கொங்குநாட்டுள் சீறி நுழையும். அக்காற்றில் புளியமரத்திலும் வேம்பிலும் ‘தூரி’ கட்டி ஆடுவர். தூரி என்பது ஊஞ்சலுக்குக் கொங்குநாட்டார் வழங்கும் பெயர். பழம் புலவர் அதனை ஊசல் என்றனர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என மகளிர் ஆட்டத்திற்கே தனிப் பாடல்கள் உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையோ சிறுவர் ஆட்டத்தையே தன் பருவங்களாகக் கொண்டது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் அம்மானை, நீராடல், ஊசல். முற்றத்தில் பிள்ளை ஆடும் ஆட்டத்தை இலக்கியத்தின் உறுப்பாகவே ஆக்கிய மொழி தமிழ்.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இதனை நன்குணர்ந்தவர். அவர் சேலம் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்தார். அக்காலத்தில், 1954இல், வெளிவந்ததே அவருடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூல். சொல்லின் வேரைத் தேடுவதையே வாழ்வாகக் கொண்ட பேரறிஞர், கோலியையும் பந்தையும் ஆராய ஏன் அமர்ந்தார்? ஆட்டம் அழிந்தால் அதனோடு அதன் சொற்களும் அழியும் என்பதனால் அன்றோ! ஆட்டங்களை ஆண்பால், பெண்பால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் வகுத்து, ஆடும் முறையையும் பெயரையும் அவர் பதிவு செய்தார். 2019இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையும் ஆட்டக்காய்களும் பகடைக்காயும் கிடைத்தமையைக் கூறுகின்றது. தமிழன் வீட்டில் ஆடியவன் என்பதற்கு மண்ணே சான்று.

பல்லாங்குழியை எண்ணிப் பார்க்க. வரிசைக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்து காய் வீதம் இட்டால் 70 காய்கள். புளியங்கொட்டையே போதும், காசு வேண்டியதில்லை. காய்களை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதற்குப் ‘பசு’ என்று பெயர். அது குழிக்குரியவரைச் சேரும். ஆட்டத்திலும் ஆவே செல்வம்! ஆடுபுலி ஆட்டத்திலோ புலிகள் மூன்று, ஆடுகள் 15. தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாவி வெட்டும். இடைவெளியின்றி அணிவகுத்த ஆடுகள் புலியையே அசையவொட்டாமல் அடைத்துவிடும். ஒன்றுபட்டு நிற்பதன் வலிமையைக் கரிக்கோட்டாலும் கூழாங்கல்லாலும் கற்பித்தனர் முன்னோர்.

இவை ஏன் தேய்ந்தன? 1930களில் பைக்காரா மின்னாற்றல் வந்தபின் கோவையில் நூற்பாலைகள் பெருகின. உழவன் மகன் ஆலைக்கு வந்தான். கட்டுத்தரை போயிற்று, முற்றம் சுருங்கியது, பின்னர் அடுக்ககம் எழுந்தது. இதில் எவரையும் பழிப்பதற்கில்லை. பிழைப்பு தேடி வந்தவர்க்குப் பட்டியும் பூளைக்காடும் எங்கிருந்து வரும்? ஆனால் வெறுமையான அவ்விடத்தில் வேறொன்று வந்தமர்ந்தது. நோம்பி நாள் முழுதும் தொலைக்காட்சியில் நடிகர் பேட்டியும் புதுத் திரைப்படமும். இன்று கைக்குக் கை செல்பேசி. ஒரே கூடத்தில் ஐவர் இருந்தும் ஐவரும் ஐந்து திக்கில்! வாழ்த்தும் ஆங்கிலத்தில் அச்சிட்டு வருகின்றது. அதை மற்றொருவர்க்குத் தள்ளிவிடுவதோடு பொங்கல் முடிகின்றது.

‘இடமில்லை, பொழுதில்லை’ என்பார்க்கு ஒன்று கூறலாம். சப்பானியர் பெருநகரங்களில் நெருங்கி வாழ்பவரே. ஆயினும் புத்தாண்டையொட்டி ஒட்டரிசியைக் கூடி இடித்து மோச்சி செய்யும் மரபை அவர்கள் இன்னும் கைவிட்டிலர். கொங்குநாட்டில் அதற்கு நிகரானது சந்தகை. புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சிலிட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் பிழிய வாராது. ஒருவர் வேகவைக்க, ஒருவர் அச்சில் இட, தோள்வலி உள்ளவர் அழுத்த, சிறுவர் தட்டேந்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் கையால் ஆகாத உணவு அது! அதனாலேயே அது நோம்பிக்கு உரியதாயிற்று.

ஆடவர்க்கு இதில் ஓர் அறிவுரை உண்டு. தாயும் மனைவியும் அடுப்படியில் வேக, மற்றையோர் திரைமுன் அமர்ந்திருக்கும் வீட்டில் நோம்பி இல்லை. அங்கிருப்பது விருந்துண்ணல் மட்டுமே. பெண்ணின் உழைப்பை மும்மடங்காக்கி மரபைக் காக்க எண்ணுவோர், அவளே மரபை வெறுக்குமாறு செய்துவிடுவர். அச்சை அழுத்தும் கை ஆடவர் கையாக இருக்கட்டும்.

அரசாணைக்காகவும் காத்திருத்தல் வேண்டா. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்தது; 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆட்சி மாறினால் சட்டம் மாறும். ஆனால் தையன்று வாயிலில் பானை பொங்குவதை எச்சட்டம் தந்தது? எச்சட்டம் தடுக்கும்? கோட்டையில் இழந்ததை முற்றத்தில் காக்கலாம். முற்றத்தில் இழந்ததை எந்தக் கோட்டையாலும் மீட்டுத் தர இயலாது.

ஆகவே, பெருமக்களே, வேண்டுவன சிலவே. வரும் மார்கழிக் கடைநாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊர்ப்புறம் சென்று, ஒரு பிடிப் பூளையேனும் கையால் பறியுங்கள். அடுக்ககத்தில் மாடு இல்லையெனில், மண்தட்டில் ஒரு தெப்பக்குளம் கட்டப் பிள்ளையை விடுங்கள். ஆடி முதல் நாளில் நான்கு வீட்டார் கூடி ஒரு தீ மூட்டித் தேங்காய் சுடுங்கள். நால்வரும் ஒரே குலத்தாராய் இராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோம்பி மாலையில் திரையை அணைத்துவிட்டு ஒரே ஒரு பல்லாங்குழி ஆட்டம் ஆடுங்கள். அம்மாயி உயிரோடிருந்தால் அவர் எதிரில் அமருங்கள். அவர் சொல்லும் ஒவ்வோர் ஆட்டச்சொல்லையும் பிள்ளை திருப்பிச் சொல்லட்டும்.

தமிழில் பேசுக என்று பிள்ளைக்கு ஆணையிடுவதால் பயன் சிறிது. தமிழில் மகிழ்வதற்கு ஒரு நாள் கொடுங்கள். மகிழ்ந்த மொழியை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

நோம்பி ஓங்குக! தமிழ் இல்லம் தழைக்க! தமிழ் வெல்க!